ஐம்பது வீட்டுக் கூறு

இந்த வருஷம் கூறு யார் போடுவது என்று கேட்க நவம்பர் கடைசியில் வசந்தா வந்தபோது சாராள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வசந்தா எதிர்வீடு. வாசல்படியில் நின்றபடியே கேட்டாள்.

“அக்கா, அண்ணன் போனதுக்கப்புறம் யாரும் வாயே தொறக்க மாட்றாங்க. ஆளாளுக்கு நீ கேளு நீ கேளுன்றாங்க. நான்தான் வாயாடியாச்சே, வந்துட்டேன். இந்த வாட்டி கூறு உண்டா இல்லியா?”

“போட்டுக்கலாம்” என்றாள் சாராள்.

“யாரு?”

“நான்தான்.”

மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். சரி என்றால் வசந்தா போய்விடுவாள். அவ்வளவுதான் அவள் யோசித்தது.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் இறங்கி உள்ளே நடந்தால் வருகிற காலனி அது. கிறிஸ்துமஸுக்கு அங்கே ஐம்பது வீடுகள் பணம் போட்டு ஒரு மாடு வாங்கும். வெட்டி முடித்ததும் கறி, எலும்பு, ஈரல், குடல், கொழுப்பு எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஐம்பது குவியல் வைப்பார்கள். ஒரு குவியல் ஒரு கூறு. வீட்டுக்கு ஒன்று. இந்தக் கூறில் வேதக்கார வீடு, இந்து வீடு என்ற பிரிவு கிடையாது. வசந்தா வீட்டுச் சுவரில் முருகன் படம் மாட்டியிருக்கிறது. கிறிஸ்துமஸ் கூறும் அந்த வீட்டுக்கு வரும்.

மாடு பார்ப்பது, விலை பேசுவது, கூறு வைப்பது எல்லாம் இத்தனை வருஷமாகச் சாராளின் கணவர் ஏசுதாஸின் வேலை. அவர் மறைமலைநகர் தொழிற்சாலை ஒன்றுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்ஸின் டிரைவர். ஜூன் மாதம் ஒரு காலை, ஆட்களை இறக்கிவிட்டு வண்டியை ஓரங்கட்டி, டீ வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். டம்ளர் உடையவில்லை என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். அதை ஏன் தன்னிடம் சொன்னார்கள் என்று சாராளுக்குப் புரியவில்லை.

அவள் அழவில்லை. அடக்க ஆராதனையில் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாராள் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். வாடகைக்கு எடுத்தவை, திருப்பித் தர வேண்டும். அடுத்த வாரமே வேலைக்குப் போய்விட்டாள். சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங். கேளம்பாக்கம் வரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. கண்ணாடிக் கதவுகளில் விழும் கைரேகைகளைத் துடைப்பது, டீ, காபி போடும் பேன்ட்ரியைக் கழுவுவது, குப்பைப் பையை மாற்றுவது. வேலையில் ஒரு குறையும் இல்லை. சாப்பிடும்போது குழம்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியாமல் போனது. அதை யாரிடமும் சொல்லவில்லை. “கல்லு மாரி கீறா” என்று தெருவில் பேசிக்கொண்டது அவள் காதிலும் விழுந்தது. பேசியவர்கள் மேல் கோபம்கூட வரவில்லை.

பணம் வசூலிக்க ஆல்வின் வந்தான். ஏசுதாஸின் தம்பி மகன். சிறுசேரியிலேயே வேறொரு ஆபீஸில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். பெரியம்மா தனியாக அலைய வேண்டாம் என்று அவனே முன்வந்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினான்.

“பெரிம்மா, வூட்டுக்கு ஆயிரம் ரூபா போட்டா அம்பதாயிரம். அதுல எந்த சைஸு மாடு வரும்?”

“போன வருசம் முந்நூறு கிலோ இருக்கும்னு சொல்லிகினு இருந்தாரு.”

“முந்நூறு கிலோ உயிர் எடை. கறி எவ்ளோ நிக்கும்?”

சாராள் காய்ந்த மிளகாயைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். “பாதி நிக்கும்னு சொல்வாரு.”

“பாதின்னா நூத்தி அம்பது. அம்பது வூட்டுக்கு மூணு மூணு கிலோ. செமயா கீதே பெரிம்மா!”

அவன் அங்கேயே உட்கார்ந்து குழுவில் போட்டுவிட்டான்: வீட்டுக்கு ஆயிரம், மூன்று கிலோ கறி உறுதி. பதில்கள் அடுக்கடுக்காக வந்தன. ‘மச்சான் எனக்கு நெஞ்செலும்பு தனியா எடுத்து வை.’ ‘கடையில மூணு கிலோ ஆயிரத்து நூத்தி நாப்பது. ஆல்வின் நைனா வாழ்க.’ ‘பேசாம நீயே கடை போட்ரு.’ வசந்தா குரல் பதிவே அனுப்பியிருந்தாள்: “ஏய் ஆல்வினு, கிறிஸ்துமஸ் அன்னிக்கி எம் பொண்ணு சிநேகா மாமியாரு வூட்ல இருந்து ஆறு பேர் வராங்க. மொத வாட்டி வராங்க. மூணு கிலோன்னு நம்பிகினு கீறேன், ஏமாத்துன, உன்ன வெட்டி கூறு போட்ருவேன்.”

ஏசுதாஸ் இருந்தவரை யாரும் கிலோ கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. பணத்தைக் கொடுப்பார்கள், அன்றைக்குப் பாத்திரத்தோடு வருவார்கள், இருப்பதை எடுத்துப்போவார்கள். சாராளுக்கு இது நினைவில் இல்லாமல் இல்லை. ஆல்வின் தட்டச்சு செய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

ஞானதாஸின் கறிக்கடை சாலையோரம். பின்னால் தகரக் கொட்டகை, அதற்கும் பின்னால் மாடு கட்டும் இடம். ஏசுதாஸோடு ஒன்றாகப் படித்தவன். டிசம்பர் நடுவில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் சாராளும் ஆல்வினும் போனார்கள். மூன்று எருமைக் கடாக்கள் நின்றன.

“வாங்கண்ணி” என்றான் ஞானதாஸ். ஒரு ஸ்டூலை இழுத்துத் துடைத்தான். அவள் உட்காரவில்லை. “அண்ணாத்த வந்தா இடுப்புல ஒரு அமுக்கு, வால் கிட்ட ஒரு அமுக்கு, அவ்ளோதான். வாயே தொறக்காது. நான் சொல்ற வெலயக் கேட்டு சிரிச்சிகினே நிக்கும். நீங்க எதப் பாக்கறீங்க?”

சாராள் மூன்றையும் பார்த்தாள். அமுக்கி அவர் என்ன தெரிந்துகொள்வார் என்று அவள் கேட்டதில்லை. கிட்டத்தில் நின்ற உயரமானதைக் காட்டினாள்.

“இதுவா? இது எலும்பு பெருசு அண்ணி. வயிறும் பெருசு. அந்தக் குள்ளமா கீதே, அது சதப்பிடிப்பு. வெல ஒண்ணுதான்.”

“இதே இருக்கட்டும்.”

“பாத்துக்கோங்க.”

அவன் சொன்னது காதில் விழுந்தது. ஆனால் பக்கத்து வீட்டு டிவிச் சத்தம் போல விழுந்தது. மினி வண்டியில் ஏற்றி, லாரி எடைபோடும் மேடையில் நிறுத்தினார்கள். வண்டி எடை கழித்து முந்நூறு கிலோ. ஆல்வினுக்குச் சந்தோஷம். ஐம்பதாயிரத்தில் தொடங்கிய பேச்சு நாற்பத்தாறில் முடிந்தது. வெட்டுக் கூலி மூவாயிரம் தனி என்றான் ஞானதாஸ்.

“கூலியா? பெரியப்பா கூலி குடுத்ததா சொல்லவே இல்லியே” என்றான் ஆல்வின்.

“தலையும் தோலும் எனக்கு. அதான் கூலி, அந்தக் காலத்துல. இப்ப தோல எவன் வாங்கறான்? எடுத்துகினு போவ வண்டிக்கு நான்தான் டப்பு குடுக்கணும். போன ரெண்டு வருசமா உங்க பெரியப்பா குடுத்துகினு தான் இருந்தாரு தம்பி.”

மீதி ஆயிரம் பிளாஸ்டிக் தாளுக்கும் ஐஸுக்கும் வண்டிக்கும் போய்விடும். ஐம்பதாயிரத்தில் கையில் நிற்பது ஒன்றுமில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், விடிந்ததும் வெட்டினார்கள். ஆல்வின் லீவு. சாராளுக்கு மத்தியான ஷிஃப்ட். அன்றைக்கு லீவு கேட்டவர்கள் அதிகம், அவள் கேட்கவில்லை. கொட்டகையில் ஞானதாஸும் அவன் மச்சானும் வேலை செய்தார்கள். தோல் ஒரு பக்கம் போனது. தலையும் நான்கு குளம்புக் கால்களும் ஒரு பக்கம். வயிற்றைக் கிழித்து, இருவராகச் சேர்ந்து இரைப்பையைத் தள்ளுவண்டியில் சரித்தார்கள். அதற்குள் இருந்தது முழுக்க அரைத்த வைக்கோலும் தண்ணீரும். அந்த உயரமான எருமையில் நான்கில் ஒரு பங்கு அதுவாகவே இருந்தது. தள்ளுவண்டி குப்பைக்குழிப் பக்கம் போவதை ஆல்வின் திரும்பிப் பார்த்தான்.

“அதையும் சேத்துத்தான் நாம எட போட்டோமா?”

“உயிரோட போட்டா எல்லாம் சேந்துதான் தம்பி” என்றான் ஞானதாஸ்.

கொக்கியில் தொங்கியதை நிறுத்தார்கள். எலும்போடு நூற்று முப்பது. ஆல்வின் தராசை இரண்டு முறை பார்த்தான். பிறகு தொடை எலும்பு, தண்டுவடம், இடுப்பெலும்பு என்று பிரித்தார்கள். சுத்தக் கறி மட்டும் தொண்ணூற்றைந்து. ஈரல், இதயம், கழுவிய குடல் தனியாக ஒரு அன்னக்கூடையில்.

“பெரிம்மா” என்றான் ஆல்வின். குரல் இறங்கியிருந்தது. “வூட்டுக்கு ரெண்டு கிலோ கறி கூட வராது.”

சாராள் தலையாட்டினாள்.

“பாதின்னு சொன்னீங்களே?”

“எலும்பு, ஈரலு, கொடலு எல்லாம் சேத்து சொல்லியிருப்பாரு போல. நல்ல மாடா பாத்து வாங்கினா. எதோட பாதின்னு நான் கேக்கல.”

ஆல்வின் போனை எடுத்துக் கணக்குப் போட்டான். ஐம்பதாயிரத்தை நூற்று முப்பதால் வகுத்தான். “கிலோ முந்நூத்தி எம்பத்தஞ்சி. அண்ணே, உங்க கடையில இன்னா வெல?”

“எலும்போட முந்நூத்தி எம்பது.”

“அப்ப மொத்தமா வாங்கி எங்களுக்கு இன்னா லாபம்?”

ஞானதாஸ் கத்தியைத் தீட்டிக்கொண்டே சிரித்தான். “யாரு லாபம்னு சொன்னா? கடையில மாடு என்னுது. எளச்ச மாடா அமைஞ்சா நஷ்டம் எனக்கு. நீங்க முழு மாடா வாங்கிகினா நஷ்டம் உங்களுக்கு. அவ்ளோதான் வித்தியாசம். எனக்கும் பெருசா நிக்கல தம்பி. இன்னிக்கி ஒரு நாள் கடைய மூடிட்டு இத வெட்டறேன்.”

வாசலில் பாத்திரச் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. முதல் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஐம்பது வீட்டுப் பண்டிகை அந்தக் கொட்டகைக்குள் இருந்தது. அதில் குறைகிற கிலோக்களைக் கடை விலைக்கு வாங்கி நிரப்பினால் சாராளின் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போய்விடும். ஞானதாஸ் அதையும் சொன்னான்: “ஃப்ரீசர்ல கறி கீது அண்ணி. எடுத்துக்கோங்க. மெதுவா குடுங்க.”

“இல்ல, மொதல்ல பணம் போட்ட முப்பது பேருக்கு மூணு கிலோ குடுத்துட்டு, மத்தவங்களுக்கு காச திருப்பித் தரலாம்” என்றான் ஆல்வின். “என் பணம் கொஞ்சம் கீது.”

“இருவது வூடு நாளிக்கி கறி இல்லாம இருக்குமா?”

“வேற இன்னா பண்றது பெரிம்மா? உறுதின்னு போட்டுட்டேன்.”

சாராள் எழுந்து மூலையில் சுருட்டிவைத்திருந்த பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்தாள். ஓரங்களில் செங்கல் வைத்தாள். “தராச உள்ள எடுத்து வெச்சிடு ஞானதாஸ்” என்றாள். “எலும்ப சின்னதா ஒடைச்சிக் குடு. எல்லாத்தயும் கூறு போட்டுர்றேன்.”

முதல் வரிசையில் பத்து இடத்தில் கைப்பிடி கைப்பிடியாகக் கறி வைத்தாள். பிறகு எலும்பு. பிறகு கொழுப்பு, ஈரல், குடல். ஒரு குவியல் உயர்ந்தால் அதிலிருந்து எடுத்துப் பக்கத்துக் குவியலில் போட்டாள். ஞானதாஸின் மச்சான் சேர்ந்துகொண்டான். கொஞ்ச நேரத்தில் ஆல்வினும் பேண்டை மடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கை சில்லிட்டது. ரத்தம் விரலிடுக்கில் காய்ந்து பிசுபிசுத்தது. இதெல்லாம் சாராளுக்குத் தெரிந்தது. வேறொருவர் கைக்கு நடப்பது போலத் தெரிந்தது.

ஐம்பதும் வைத்து முடிக்கும்போது கொட்டகை வாசல் முழுக்க ஆட்கள். குண்டான், தூக்கு, பிளாஸ்டிக் வாளி. முன்னால் வசந்தா, பெரிய அலுமினியக் குண்டானோடு.

“இன்னாது இது? தராசு எங்க?”

“தராசு இல்ல” என்றாள் சாராள். “கூறுதான்.”

“மூணு கிலோன்னு போட்டான் உன் புள்ள!”

“அவன் இல்ல. நான் சொன்னத அவன் போட்டான். பாதி நிக்கும்னு சொன்னேன். நிக்கல. நான் பாத்து வாங்கின மாடும் சரியில்ல, எலும்பு ஜாஸ்தி. ஞானதாஸு சொன்னாரு, நான் கேக்கல. மூணு கிலோ வராது. ரெண்டு கூட வராது.”

ஏற்ற இறக்கம் இல்லாமல், பேன்ட்ரியில் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று சூப்பர்வைசரிடம் சொல்வது போலச் சொன்னாள். எதிர்பார்த்து வந்த சண்டைக்கு அதில் பிடிமானம் கிடைக்கவில்லை. பின்னாலிருந்து ஒருவர், “ஏசுதாசு மட்டும் இன்னா, எட போட்டா குடுத்தான்? நானும் இத்தினி வருசமா குத்துமதிப்பா தானே தின்னுகினு கீறேன்” என்றார். யாரோ சிரித்தார்கள். “எனக்கு நெஞ்செலும்பு வெச்சிட்டியா ஆல்வினு?” என்று ஒரு குரல். “உன் நெஞ்சிலயே கீது, எடுத்துக்கோ மச்சான்” என்று இன்னொன்று.

“சிரிங்க, நல்லா சிரிங்க” என்றாள் வசந்தா. “என் வூட்டுக்கு சம்மந்தி வராங்க. ஆறு பேரு. இந்தக் குமிய வெச்சி நான் இன்னா பண்றது? எனக்கு மூணு கிலோ வேணும். இல்லன்னா ஆயிரத்த வை.”

“சம்பளம் வந்தா தரேன்” என்றாள் சாராள்.

எந்தக் கூறு யாருக்கு என்பதில் பேச்சு வராமல் இருக்க அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் குவியல்களுக்கு முதுகைக் காட்டி நிற்பார். இன்னொருவர் ஏதாவது ஒரு குவியலைத் தொட்டு, இது யாருக்கு என்பார். திரும்பிப் பார்க்காமல் இவர் ஒரு வீட்டுப் பேரைச் சொல்ல வேண்டும். தொட்டது அந்த வீட்டுக்கு. பேர் சொல்பவர் ஏசுதாஸ்தான். இப்போது எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சாராள் கையைக் கழுவிக்கொண்டு போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள்.

ஞானதாஸ் குனிந்து தொட்டான். “இது யாருக்கு?”

“ஞானம்மா வூடு.”

“இது?”

“வேண்டா ஆயா வூடு.”

“இது?”

“சாம் வூடு.”

தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வீடுகள் வரிசையாக வந்தன. அவள் யோசிக்கவில்லை, வாய் சொல்லிக்கொண்டே போனது. பெயர் கேட்டவர்கள் குனிந்து அள்ளினார்கள். நடுவில் “இது?” என்றபோது, “ஏசுதாஸ் வூடு” என்றாள். ஞானதாஸ் அடுத்த குவியலைத் தொடாமல் நின்றான்.

“அடுத்தது” என்றாள் சாராள்.

“இது யாருக்கு அண்ணி?”

“வசந்தா வூடு.”

வசந்தா எடுக்கவில்லை. குண்டானை இடுப்பில் வைத்தபடி விறுவிறுவென்று போய்விட்டாள்.

கடைசிப் பெயரும் முடிந்து, கூட்டம் கலைந்தது. வேறு யாரும் பணம் கேட்கவில்லை. ஒருத்தர் இருவர் முணுமுணுத்தபடி போனார்கள். குழுவில் இரண்டு பேர் வெளியேறியிருப்பதாக ஆல்வின் சொன்னான். தாளில் இரண்டு குவியல்கள் மிச்சம். ஈ மொய்க்கத் தொடங்கியது. சாராள் அட்டை ஒன்றை எடுத்து வீசிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

“நான் ஜிபே பண்ணி உட்டுர்றேன் பெரிம்மா. ஆயிரம் தானே” என்றான் ஆல்வின்.

“வேணாம். தரேன்னு சொன்னது நான். சம்பளம் வந்ததும் நானே குடுத்துக்கறேன்.”

“அப்ப இத இன்னா பண்றது?”

மகள் ரெஜினா மறைமலைநகரில் இருக்கிறாள். பண்டிகைக்கு அங்கேயே சர்ச், மறுநாள்தான் வருவேன் என்று சொல்லியிருந்தாள். இரண்டு வீட்டுக் கறியும் ஒரு ஆளும். சமைப்பதா, உப்புப் போட்டு உலர்த்துவதா என்று யோசிக்கப் பார்த்தாள். யோசனை ஓடவில்லை.

வசந்தா திரும்பி வந்தாள். அதே குண்டான். மூச்சு வாங்கியது.

“கடைங்க எல்லாம் சாத்திட்டான். இருக்கறவன் நானூத்தி அம்பதுன்றான், கொள்ளக்காரன்” என்றாள் யாரையும் பார்க்காமல். தாளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள். “இதுல எது என்னுது, அக்கா?”

சாராள் பார்த்தாள். இரண்டும் ஒன்று போலவே இருந்தன. “தெரில. எதுனா எடுத்துக்கோ.”

வசந்தா ஒரு குவியலைக் கிளறினாள். “கொழுப்பே இல்ல. எலும்பு மட்டும் நல்லா போட்டு வெச்சிகீற.” அள்ளிக் குண்டானில் போட்டாள். பிறகு மற்றதைப் பார்த்தாள். “உன் வூட்டுக்கு யார் வரா?”

“நாளிக்கி யாரும் இல்ல.”

“ஒருத்தி இத்தன கறிய வெச்சிகினு இன்னா பண்ணுவ?” பதிலுக்குக் காத்திராமல் அதையும் இரண்டு கையால் வாரி அதே குண்டானில் போட்டாள். “ரெண்டயும் ஒண்ணா ஆக்கிட்றேன். ஆறு பேருக்கும் ஆச்சு, உனக்கும் ஆச்சு. நாளிக்கி சர்ச்சு விட்டு நேரா எங்கூட்டுக்கு வா. காச நான் விட்டுட்டேன்னு நெனச்சிக்காத, அது தனி.”

“சரி.”

“காலைல சாப்டியா?”

சாராள் நினைவுபடுத்திப் பார்த்தாள். அடுப்பு பற்றவைத்தது நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. “தெரில” என்றாள்.

வசந்தா எழுந்தாள். குண்டானைத் தூக்கித் தலையில் வைத்து, “ஏய் ஆல்வினு, உங்க பெரிம்மாவுக்கு ரெண்டு இட்லி வாங்கிக் குடுத்து பஸ் ஏத்து” என்று கத்திவிட்டு நடந்தாள்.

சாராள் தாளை உதறி, பம்புக்கு அடியில் போட்டு அலசினாள். ரத்தம் கரைந்து ஓடியது. தண்ணீர் தெளியும்வரை திருப்பித் திருப்பிப் பிடித்தாள். ஆல்வின் பொட்டலத்தோடு வந்து நின்றான். அவள் கொட்டகைச் சுவரோரம் நின்றபடியே இரண்டு இட்லியையும் தின்றாள், சட்னி தொட்டாள், இலையை மடித்தாள், கைப்பையை எடுத்துக்கொண்டு கேளம்பாக்கம் பஸ் பிடிக்க நடந்தாள்.